புயலுக்கு முன் வீட்டில் மாற்று மின்சாரம்: தொடக்கநிலையினருக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்களே சாய்ந்துபோனதால், நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஆகவே டெல்டாவில் இன்வெர்ட்டர் வாங்குபவர், அது எத்தனை மணி நேரம் ஓடும் என்பதோடு, பேட்டரி தீர்ந்தபின் எதைக் கொண்டு சார்ஜ் ஏற்றுவது என்றும் யோசிக்க வேண்டும்.

முதல் வேலை, கணக்குப் போடுவது. 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டும் 75 வாட் மின்விசிறி ஒன்றும் சேர்ந்தால் 93 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பெயரளவில் 1,800 வாட்-மணி (12 × 150) மின்சாரம் இருந்தாலும், இன்வெர்ட்டரில் வீணாவதையும் பேட்டரியை அடியோடு வற்றவிடக் கூடாது என்பதையும் கழித்தால், சுமார் 1,200 தான் கைக்கு வரும். அதை 93 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13 மணி நேரம். அதே இடத்தில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியை மாட்டினால் மொத்தம் 48 வாட்டாகக் குறைந்து, ஒரு நாள் முழுவதும் ஓடும். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட விசிறியை மாற்றுவதே மேல் என்பேன். தண்ணீர் மோட்டாரை இக்கணக்கில் சேர்க்க வேண்டாம்; புயல் எச்சரிக்கை வந்தவுடன் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

அடுத்து, இடம். வெள்ளம் வீட்டுக்குள் ஏறிய உயரத்தைப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கும் மேலே உறுதியான மேடையில் பேட்டரியை வையுங்கள். சார்ஜ் ஆகும்போது ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுவதால் காற்றோட்டம் வேண்டும். பக்கத்தில் விளக்கு ஏற்றக் கூடாது, ஊதுபத்தியும் ஆகாது. ஐப்பசி பிறக்குமுன் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் குறியளவுக்குக் கொண்டுவாருங்கள். போர் தண்ணீர் பேட்டரியைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, மறுபடி சார்ஜ் ஏற்றும் வழி. கழற்றி மாட்டக்கூடிய சோலார் பேனலானால், காற்று வலுக்குமுன் இறக்கி உள்ளே வைத்துவிடலாம். ஜெனரேட்டரை மழை படாதவாறு, ஆனால் திறந்த வெளியில், சன்னல்களுக்கு எட்டத்தில் இயக்க வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது என்பதால், திண்ணையில் வைத்தாலும் ஆபத்துதான். ஜெனரேட்டரைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அது வெளிக்கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு, வெளிக்கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒரு மாலையில் மெயினை அணைத்து, கணக்கிட்ட நேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். பாதியிலேயே அணைந்துபோனால், புயல் சின்னம் உருவானபின் கடைகடையாக அலையாமல், புரட்டாசியிலேயே பேட்டரியை மாற்றிவிடுங்கள்.