கேஷ் நம்ம காசுதானா? ஒரு சொல்லின் பூர்வீகம் பார்க்கும் விதம்

தி.நகரில் துணி எடுத்துவிட்டு பில் போடும் இடத்தில் நின்றால் "கேஷா, கார்டா?" என்பார்கள். கூட வந்த மாமா சும்மா இருக்க மாட்டார்: "கேஷ்னா என்ன, நம்ம காசுதான், வெள்ளைக்காரன் இங்கேயிருந்து கொண்டுபோனது." நானும் பல வருஷம் இதையே சொல்லித் திரிந்தவன்தான். பாதி சரி.

பூர்வீகம் பார்க்க உட்கார்ந்தால் முதலில் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஒலியை நம்பி இறங்கினால் எந்தச் சொல்லும் எந்த மொழிக்கும் சொந்தமாகிவிடும்.

அகராதியில் இன்றைய பொருளோடு நிற்காமல் பழைய பொருளைத் தேடுங்கள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் தலைகாட்டிய கேஷுக்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. பிரெஞ்சில் கேஸ், இத்தாலியனில் காஸ்ஸா, லத்தீனில் காப்ஸா, எல்லாமே பெட்டிதான். பெட்டி எப்படிப் பணமாகும் என்கிறீர்களா? நம் கல்லாவைப் பாருங்கள். மளிகைக்கடை மரப்பெட்டியின் பெயர், ஆனால் "இன்னைக்கு நல்லா கல்லா கட்டிடுச்சு" என்றால் யார் பெட்டியை நினைக்கிறார்கள்? கேஷியரும் கல்லாவில் உட்காருபவர்தான்.

அப்புறம் அதே எழுத்துக்கூட்டலில் வேறு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், அவசரத்தில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பெரிய அகராதிகளில் கேஷ் இரண்டு முறை வரும். இரண்டாவது ஒரு சில்லறை நாணயம், அது சாட்சாத் நம் காசு. போர்த்துகீசியர் அதைக் காதில் வாங்கி, தங்கள் மொழியில் பெட்டிக்கு இருந்த கைஷா என்ற சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலேயருக்குப் போனது, அவர்கள் போதாக்குறைக்கு நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் கேஷ் என்றே கூப்பிட்டார்கள்.

சொல் புழங்கிய ஊரில் சாட்சி கிடைத்தால் விடாதீர்கள். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி 80 காசு சேர்ந்தால் 'பணம்' என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் வராகன் என்ற பொன் நாணயம் ஒன்று. 1803-இல் இங்கிலாந்தில் அடித்து இங்கே அனுப்பிய செம்பு நாணயத்திலேயே 20 கேஷ் என்று ரோமன் எண்ணில் பொறித்திருக்கும். எழும்பூர் மியூசியத்தில் நாணயங்களுக்கென்று தனிப் பகுதி உண்டு, ஒரு மதியம் போய் வரலாம்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மாமா, "சரி, துட்டாவது நம்மதுதானே?" என்றார். அது டச்சுக்காரர்களின் செப்புக்காசுப் பெயர். பில்லை அவர்தான் கட்டப்போகிறார் என்பதால் வாயைத் திறக்கவில்லை.