ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி ரிலே: பழைய காரில் வயரிங் மாற்றும் முறை

சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி நகர்ந்து காற்று பட்டதும் இறங்கிவிடுகிறது. இப்படி இருந்தால் ஃபேனையும் அதன் வயரிங்கையும் சந்தேகப்படலாம். பழைய வயரிங் வோல்டேஜைத் தின்றுவிட்டால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். அதற்குத் தீர்வு தனி ரிலே, அதாவது சிறு கரன்ட் ஓடியதும் பேட்டரியிலிருந்து ஃபேனுக்குப் பெரிய கரன்டைச் சேர்த்துவிடும் மின்சுவிட்ச். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதே முள் ஏறினால் ஃபேனை விட்டுவிட்டு ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் வால்வு, ஹெட் கேஸ்கெட் என்று தேடுங்கள். அந்த வேகத்தில் முன்னாலிருந்து அடிக்கிற காற்றே போதும், ஃபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இங்கே சொல்லும் முறை, கார்புரேட்டர் காலத்து மாருதி 800 போல, கூலன்டில் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தில்) தோய்ந்திருந்து, சூடு ஏறியதும் தானாகச் சேரும் ஒரு தெர்மோ சுவிட்ச் மட்டும் ஃபேனை ஓட்டுகிற வண்டிகளுக்கு. பழைய அம்பாசடரில் ஃபேனைப் பெல்ட் சுழற்றுகிறது, அங்கே இதற்கு வேலையில்லை. ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வைத்த வண்டிகளில் ரிலே ஏற்கெனவே இருக்கும், எப்போது ஓடவேண்டும் என்பதை ஈசியூ முடிவு செய்யும். அந்த வயரிங்கை வெட்டாதீர்கள்.

என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தெர்மோஸ்டாட் வால்வு 82 அல்லது 88 டிகிரியில்தான் திறக்கத் தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே வராது. எனவே ஃபேனை நாள் முழுக்க ஓட்டினாலும் இன்ஜின் 70 டிகிரிக்கு இறங்காது. நமக்குக் கிடைப்பது வேறு: ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், நெரிசலிலோ மலையேற்றத்திலோ சூடு ஏறும் முன்பே அதை ஓட்டிக்கொள்ளலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "இப்போது கூலாக ஓடுகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. காலையில் சோக் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் வண்டி இடறுவதையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிப்பதையும் அவர்கள் சொல்வதில்லை.

முதலில் சோதனை

இன்ஜின் ஆறியிருக்கும்போது தெர்மோ சுவிட்சின் சாக்கெட்டைப் பிடுங்குங்கள். சாவியை ஆன் செய்து, ஒற்றை வயர் என்றால் அதை பாடியில் தொடுங்கள். இரண்டு வயர் என்றால் இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் லைனும் உயிரோடு இருக்கின்றன, சந்தேகம் சுவிட்சின் மேல். சுற்றாவிட்டால் பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சுற்றாத மோட்டாருக்கு ரிலே வைத்துப் பயனில்லை.

அடுத்ததுதான் முக்கியமான அளவீடு. இன்ஜினை ஓடவிட்டு, ஃபேனும் சுற்றும்போது மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளில் ஒரு முறை, ஃபேன் சாக்கெட்டின் பின்புறம் ஒரு முறை அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8, ஃபேனில் 13.4 என்றால் வயரிங் நன்றாகவே இருக்கிறது, வேலையை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஃபேனில் 12க்குக் கீழே காட்டினால் கிட்டத்தட்ட 2 வோல்ட் வழியில் எரிகிறது என்று பொருள். இருபது வருடப் பழைய வயரும், பச்சை பூத்த எர்த் லக்கும் (வயரைப் பாடியில் பிடிக்கும் உலோக முனை), கருகிய சுவிட்ச் முனைகளும் சேர்ந்து தின்கிற வோல்ட் அது. ஃபேன் வேகம் ஏறத்தாழ வோல்டேஜுக்கு ஏற்ப இறங்கும். ஏழில் ஒரு பங்கு காற்று போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தெர்மோ சுவிட்சைத் தனியாகச் சோதிக்க, அதைக் கழற்றி அதன் உலோக முனை மட்டும் மூழ்கும்படி தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். முனைகளில் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு சேர்ந்திருக்கிறதா என்று காட்டும் நிலையில்) வைத்து, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரும் வையுங்கள். பெரும்பாலான சுவிட்சுகள் 90க்கும் 100க்கும் இடையில் சேரும், 5 டிகிரி அளவு இறங்கியதும் பிரியும். சென்னையில் இந்தச் சோதனை சரியாக வரும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் 95 டிகிரி சுவிட்ச் அங்கே சேரவே சேராது; அதைக் கெட்டது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

வாங்க வேண்டியவை

12 வோல்ட், 40 ஆம்பியர், நான்கு கால் ரிலே ஒன்று, அதற்கான சாக்கெட்டோடு. கால்களுக்கு எண்கள் உண்டு: 30, 87 வழியாக ஃபேன் கரன்ட் ஓடும்; 85, 86 ரிலேயை இயக்கும் காயிலின் முனைகள். 2.5 சதுர மி.மீ. வயர் சிவப்பில் 3 மீட்டர், கறுப்பில் 1 மீட்டர். 0.75 சதுர மி.மீ. வயர் 5 மீட்டர். பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் இரண்டு, ஃபியூஸ் 20 ஆம்பியரில் ஒன்றும் 5 ஆம்பியரில் ஒன்றும். டேஷ்போர்டுக்கு ஒரு சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச். வட்ட லக்குகள், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், நெளி குழாய், கேபிள் டை. ஒரு 1என்4007 டயோடு (ரிலே பிரியும்போது காயிலில் எழும் வோல்டேஜ் துள்ளலை அடக்க).

சிறிய காரின் ஃபேன் சுற்றும்போது 7 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. அதனால்தான் 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் அடிக்கடி போகிறது. 20 போதும். 20ம் போனால் பெரும்பாலும் மோட்டார் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) இறுகியிருக்கும். 30 போடுவது தீர்வல்ல, அப்போது வயர்தான் ஃபியூஸாகிவிடும். 2.5 வயரில் 3 மீட்டருக்கு 8 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. ஐந்து கால் ரிலேதான் கடையில் கிடைத்தது என்றால் நடுக்காலைக் கவனியுங்கள். அது 87ஏ, ரிலே சும்மா இருக்கும்போது சேர்ந்திருப்பது. அதில் ஃபேனைக் கொடுத்தால் குளிரில் ஃபேன் ஓடும், சூடு ஏறியதும் நின்றுவிடும்!

இணைப்பு

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ரிலேயை மழைநீர் தெறிக்காத, சைலன்சர் சூடு படாத இடத்தில், கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். கால்கள் மேலே பார்த்தால் சாக்கெட்டுக்குள் தண்ணீர் தேங்கும்.

1. பேட்டரி பிளஸிலிருந்து சிவப்பு 2.5 வயர், 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30ஆம் காலுக்கு. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். ரிலே பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் காக்க எதுவும் இல்லை.

2. 87லிருந்து அதே தடிமன் வயர் ஃபேனின் பிளஸுக்கு. ஃபேனின் மைனஸ், பெயின்ட் சுரண்டிய பாடி இடத்தில் வட்ட லக்கோடு போல்ட்டில். பழைய எர்த்தை நம்பவேண்டாம். முறுக்கிய பின் போல்ட் தலையில் கொஞ்சம் கிரீஸ்.

3. சாவி ஆன் செய்தால் மட்டும் வரும் லைன் ஒன்றிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 0.75 வயர் 86க்கு.

4. 85லிருந்து இரண்டு வயர்கள். ஒன்று தெர்மோ சுவிட்சுக்கு. சுவிட்ச் இரண்டு முனை என்றால் மறுமுனையை எர்த் செய்யுங்கள். ஒற்றை முனை என்றால் அதன் உடலே எர்த்.

5. 85லிருந்து கிளம்பும் இன்னொரு வயர், ரப்பர் கிராமெட் வழியாக உள்ளே சென்று டேஷ்போர்டு சுவிட்சின் ஒரு முனைக்கு. மறுமுனை எர்த்.

6. டயோடு 85க்கும் 86க்கும் நடுவில், வெள்ளிக்கோடு போட்ட பக்கம் 86இல். மாற்றிப் போட்டால் 5 ஆம்பியர் ஃபியூஸ் போகும்.

தெர்மோ சுவிட்சுக்குப் போன பழைய வயர்களையும் ஃபேனின் பழைய லைனையும் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். ஃபேன் பிளஸில் பழைய லைன் ஒட்டிக்கொண்டிருந்தால், நேரடி எர்த் கொடுத்த கணத்திலிருந்து சாவி ஆன் செய்யும்போதெல்லாம் ஃபேன் ஓடும். ஏசி போட்டாலும் இதே ஃபேன் ஓடவேண்டிய வண்டி என்றால் இன்னொரு ரிலே தேவை: ஏசி கம்ப்ரசர் லைனை அதன் 86க்குக் கொடுத்து 85ஐ எர்த் செய்யுங்கள், அதன் 30 எர்த், 87 முதல் ரிலேயின் 85க்கு.

இந்த அமைப்பில் டேஷ்போர்டு சுவிட்சால் ஃபேனை ஓட்டத்தான் முடியும், நிறுத்த முடியாது. வேண்டுமென்றேதான் இப்படி. தெர்மோ சுவிட்சை நீக்கிவிட்டு ஃபேனைக் கைச்சுவிட்சில் மட்டும் விட்டவர்களுக்கு, மறந்துபோன ஒரு நாள் இன்ஜின் சூடேறி அதன் ஹெட் வளைகிறது. இங்கே மறந்தாலும் தெர்மோ சுவிட்ச் தன் வேலையைச் செய்யும். சுவிட்ச் வழியாகவும் தெர்மோ வழியாகவும் இப்போது ஓடுவது ரிலே காயிலின் 0.15 ஆம்பியர்தான் என்பதால் இரண்டும் கருகாது.

இக்னிஷன் லைனிலிருந்து ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனுக்கு நேரடியாக இழுப்பது பலர் செய்கிற குறுக்குவழி. 10 ஆம்பியர் சாவி சுவிட்ச் வழியாகப் போய் அதன் முனைகள் கருகும். சாவியை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன், டைனமோ போல மின்சாரம் கொடுத்து இக்னிஷன் காயிலை உயிரோடு வைக்கும். இன்ஜின் ஓரிரு நொடி இழுத்துக்கொண்டே நிற்கும்.

முடித்தபின்

மைனஸை மாட்டி, சாவி ஆன், சுவிட்ச் ஆன். ரிலே "டிக்" என்று சேரவேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தை ரேடியேட்டரின் முன்புறம் காட்டுங்கள், உள்ளே இழுக்கவேண்டும். வெளியே தள்ளினால் ஃபேன் வயர்கள் மாறியிருக்கின்றன. இப்படி மாறியிருந்தால் நின்றுகொண்டிருக்கும்போது ஓரளவு சமாளிக்கும், ஆனால் ஓடும்போது எதிர்க்காற்றோடு மோதும், நெரிசலில் மெல்ல நகரும்போதே முள் ஏறும்.

பிறகு சுவிட்சை அணைத்து, இன்ஜினை ஐடிலில் விட்டு ஃபேன் தானாகச் சேரும்வரை காத்திருங்கள். சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் தொடவேண்டாம். முள் சிவப்பை நெருங்கியும் ஃபேன் வராவிட்டால் கைச்சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒற்றை முனை தெர்மோ சுவிட்சின் மரையைப் பாருங்கள். கசியாமல் இருக்கட்டும் என்று டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருப்பார்கள். எர்த் அந்த மரை வழியாகத்தான் போகவேண்டும். டேப்பை உரித்து, செம்பு வாஷரோடு முறுக்கினால் போதும். சுவிட்சைக் கழற்றியதால் உள்ளே காற்று சேர்ந்திருக்கும். சுவிட்சின் முனை கூலன்டில் இல்லாமல் காற்றில் இருந்தால் அதற்குச் சூடே தெரியாது. இன்ஜின் ஆறியபின் மூடியைத் திறந்து கூலன்ட் நிரப்பி, குமிழிகள் அடங்கும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள்.

சீக்கிரம் சேரட்டும் என்று குறைந்த டிகிரி தெர்மோ சுவிட்ச் வாங்க நினைத்தால், அது பிரியும் டிகிரி தெர்மோஸ்டாட் திறக்கும் டிகிரியைவிட மேலே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 88 டிகிரி தெர்மோஸ்டாட்டோடு 83இல் பிரியும் சுவிட்சைப் போட்டால், வெயில் காலத்தில் ஃபேன் ஒருமுறை சேர்ந்தபின் சாவி அணையும்வரை நிற்காது, மோட்டாரின் கார்பன் பிரஷ் சீக்கிரமே தேய்ந்துபோகும்.