ஒரு ரூபாய் காயின் போனை மறுபடி பேச வைப்பது எப்படி

பழைய காயின் பாக்ஸ் ஒன்று கைக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள். முதலில் ஒரு ஸ்கேலை எடுத்து, சட்டைப் பையில் இருக்கும் ஒரு ரூபாயை அளந்து பாருங்கள்.

திண்டுக்கல்லில் பன்னிரண்டு வருடம் இந்தப் பெட்டிகளை ரிப்பேர் பார்த்தவன் நான். பெட்டிக்கடை, மருந்துக்கடை, டீக்கடை என்று சைக்கிளில் போய் அங்கேயே திறந்து சரிசெய்வேன். இப்போது ஆசைக்காக வாங்கியவர்கள் வீடு தேடிக் கொண்டுவருகிறார்கள். பாதிப் பேர் சொல்லும் குறை ஒன்றுதான்: “காசு போட்டா நிக்காம கீழ வந்துடுது.” பெட்டி நன்றாகத்தான் இருக்கும், காசுதான் மாறிவிட்டது. 1992-இல் வந்த எஃகு ஒரு ரூபாய் 25 மி.மீ. அகலம், 4.85 கிராம் எடை. 2011 வரிசையில் அதே ஒரு ரூபாய் 22 மி.மீ., 3.79 கிராம். பழைய எஃகு ஐம்பது பைசாவின் அளவு அது! பெட்டி அதை ஐம்பது பைசா என்று நினைத்துத் தள்ளிவிடுகிறது. ஆனால் 2011 வரிசை இரண்டு ரூபாயைப் போட்டுப் பாருங்கள், அது சரியாக 25 மி.மீ., 4.85 கிராம். பெட்டி அதை ஒரு ரூபாயாக வாங்கிக்கொள்ளும். அதனால் சோதனைக்குப் பத்துப் பழைய ஒரு ரூபாய்களைத் தேடி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

பழைய காசும் நிற்கவில்லை என்றால்தான் திறக்க வேண்டும். லைன் ஒயரை முதலில் கழற்றிவிடுங்கள்; மணி அடிக்கும்போது அதில் வரும் மின்சாரம் நன்றாகவே அடிக்கும். உள்ளே பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் கசிந்திருக்கும்.

காசு ஓடும் பாதை சரிவாக இருக்கும். சரியான அகலமுள்ள காசு மேல் விளிம்பில் தாங்கி நேராக ஓடும். சின்னது பிடிமானம் இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பி வரும் குழிக்குள் விழும். இந்த இடத்தில் எண்ணெய் மட்டும் விடவே கூடாது. ஒரு கடைக்கார அண்ணன், காசு சிக்குகிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். தூசியும் எண்ணெயும் சேர்ந்து மெழுகு மாதிரி இறுகி, காசைச் சுரண்டித்தான் எடுத்தேன். பழைய பனியன் துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்து, காய வையுங்கள். காசை எண்ண இன்ஃப்ராரெட் கண்கள் இருந்தால் பட்ஸால் அவற்றையும் துடையுங்கள். என்னிடம் வந்த பெட்டிகளில் பல இந்தத் துடைப்பிலேயே சரியாகிவிட்டன.

அப்புறம்தான் இந்தப் பெட்டியின் உயிரான விஷயத்துக்கு வருகிறோம்: எதிர்முனையில் ஆள் எடுத்துவிட்டார் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? காசு போனின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான். 1889-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு வங்கியில் வில்லியம் கிரே வைத்த போனில் பேசிவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். பின்னால் வந்த அமெரிக்கப் பெட்டிகளில் விழும் காசு மணியைத் தட்டும். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கி ஆபரேட்டர் கணக்குப் பார்ப்பார். பிரிட்டனில் 1925-லிருந்து ஏ, பி என்று இரண்டு பொத்தான்கள். எதிர்முனையில் குரல் கேட்டால் ஏ, யாரும் எடுக்காவிட்டால் பி-யை அழுத்திக் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முடிவெடுப்பது பேசுகிறவரின் காது. நம்ம ஊர்ப் பெட்டிக்கு அதை டெலிபோன் எக்ஸ்சேஞ்சே சொல்லிவிடும். அந்தப் பக்கம் எடுத்த நொடியில் லைனின் பிளஸ், மைனஸ் தலைகீழாக மாறும். இதற்குப் பெயர் போலாரிட்டி ரிவர்சல்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து லைனில் மாட்டுங்கள். ரிசீவர் கீழே இருக்கும்போது 48 வோல்ட் அளவில் காட்டும், எடுத்ததும் பத்துக்குப் பக்கத்தில் இறங்கும். வீட்டில் யாரையாவது மொபைலோடு நிற்கச் சொல்லி அந்த எண்ணை டயல் செய்யுங்கள். அவர் எடுத்ததும் மீட்டரில் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வர வேண்டும், முதலிலேயே இருந்தால் போக வேண்டும். குறி மாறவில்லை என்றால் குறை லைனில். பெட்டியின் போர்டை நோண்டி வீணாக்காதீர்கள்.

இப்போது வீடுகளில் ஃபைபர்தான் என்பதால், மோடத்தின் போன் துளையில் மாட்டினால் டயல் டோன் வரும், பேசலாம். ஆனால் எதிர்முனை எடுத்ததும் மோடம் பிளஸ், மைனஸை மாற்றாவிட்டால் பெட்டி காசு கேட்காது. எதிர்முனை எடுத்த பிறகு காசு கேட்கும் வகைப் பெட்டியாக இருந்தால், காசு விழும்வரை மைக் அடைந்தே இருக்கும். ‘ஹலோ, ஹலோ’ உங்களுக்குக் கேட்கும், உங்கள் குரல் அங்கே போகாது. பழைய போனை இன்டர்நெட்டோடு இணைக்கும் அனலாக் டெலிபோன் அடாப்டர்கள் சிலவற்றில் போலாரிட்டி ரிவர்சல் செட்டிங் உண்டு. வாங்கும்போதே கேட்டு வாங்கி, அதை ஆன் செய்யுங்கள்.

சரி, எல்லாம் மாட்டியாகிவிட்டதா? மொபைலை வேறு அறையில் கொடுத்து டயல் செய்து, பீப் கேட்டதும் பழைய ரூபாயைப் போடுங்கள். உண்டியலில் ‘டங்’ என்று விழுந்து, உங்கள் குரல் அந்த அறைக்குப் போய்ச் சேரும். நேரம் முடியப்போகிறது என்ற பீப் வரும்வரை பேசிக்கொண்டே இருங்கள். அந்த பீப்பில் இரண்டாவது காசையும் வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது. மீதிக் காசுகளை ஒரு டப்பாவில் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வருகிறவர் பையில் இருப்பது புது ரூபாயாகத்தான் இருக்கும்.