ஐஸுக்குள்ள தண்ணி எங்க இருக்கு, எவ்ளோ இருக்கு: ரேடார் டேட்டால பாக்குறது எப்படி

2011 ஏப்ரல்ல, வெயில் காலம் ஆரம்பிக்கவே இல்ல, கிரீன்லாந்து தென்கிழக்குல பனியில துளை போட்டுட்டிருந்த டீம் டிரில்ல மேல இழுத்தா அதுலேந்து தண்ணி கொட்டுது. மேல எல்லாம் உறைஞ்சு கிடக்கு, உள்ள ஃபிர்ன் (வருஷக்கணக்கா இறுகி, ஆனா இன்னும் முழு ஐஸ் ஆகாத பனி) பஞ்சு மாதிரி தண்ணிய குடிச்சு வெச்சிருக்கு. அப்புறம் நாசாவோட ஐஸ்பிரிட்ஜ் திட்டத்துல விமானத்துலேந்து எடுத்த ரேடார் டேட்டாவயும் சேத்துப் பாத்ததுல இது சுமார் 70,000 சதுர கிலோமீட்டருக்கு பரவியிருக்குன்னு கணக்கு வந்துச்சு. அந்த டேட்டா என்எஸ்ஐடிசி (அமெரிக்காவோட பனி, ஐஸ் டேட்டா மையம்) சைட்ல ஃப்ரீயாவே கிடைக்குது, அத வெச்சே பழகலாம்.

ஸ்டெப் 1: தென்கிழக்கு கிரீன்லாந்து மேல பறந்த ஒரு லைன எடுத்து படமா போடுங்க. குறுக்க விமானம் போன தூரம், கீழ்நோக்கி நேரம். ஆமா, ஆழம் இல்ல, நேரம். சிக்னல் போயிட்டு திரும்பி வர்ற நேரத்த மட்டும்தான் ரேடார் அளக்குது, இத மனசுல வெச்சுக்கிட்டா பாதி தப்பு வராது.

ஸ்டெப் 2: மெல்லிசு மெல்லிசா பனி லேயர் கோடுங்க போயிட்டே இருக்கும், திடீர்னு ஒரு இடத்துல ஒரே ஒரு கோடு மட்டும் பளிச்சுன்னு தடிமனா வரும், அதுக்குக் கீழ அதுவரைக்கும் தெரிஞ்ச லேயர், பாறையோட எக்கோ எல்லாம் மங்கிடும். அதான் தண்ணி மட்டம். ஐஸோட மின்காப்பு மாறிலி (ரேடார் அலைய ஒரு பொருள் எவ்ளோ மெதுவாக்கும்னு சொல்ற எண்) 3.2 கிட்ட, தண்ணிக்கு 80க்கு மேல, ரெண்டுக்கும் இவ்ளோ வித்தியாசம் இருக்கிறதாலதான் அவ்ளோ பலமா எதிரொலிக்குது. வெறும் பளிச்ச மட்டும் நம்பாதீங்க, கெட்டி ஐஸ் லேயரும் பளிச்சுன்னு தெரியும். கீழ மங்குதான்னு கண்டிப்பா பாருங்க.

ஸ்டெப் 3: இப்ப நேரத்த ஆழமாக்கணும். பனி மேற்பரப்புலேந்து அந்தக் கோடு வரைக்கும் உள்ள நேரத்த வேகத்தால பெருக்கி ரெண்டால வகுக்கணும். எல்லாரும் சறுக்குறது இங்கதான். கெட்டி ஐஸ்ல மைக்ரோசெகண்டுக்கு 168 மீட்டர், ஆனா அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோ இருக்கிற ஃபிர்ன்ல காத்து நிறைய இருக்கிறதால சுமார் 200 மீட்டர். 0.2 மைக்ரோசெகண்ட்ல வர்ற கோடு ஃபிர்ன் வேகத்துல 20 மீட்டர், ஐஸ் வேகத்த போட்டா 17 மீட்டர்தான் வரும்.

ஆல்ப்ஸ் மாதிரி இடத்துல ஐஸே உருகுநிலைல இருக்கும், தண்ணி துளித்துளியா கலந்து கிடக்கும், பளிச்சுன்னு கோடெல்லாம் கிடைக்காது. அங்க வேகமேதான் துப்பு. சிக்னல் அனுப்புற ஆன்டெனா, வாங்குற ஆன்டெனா ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா விலக்கி வெச்சு அளந்து வேகத்த எடுக்கணும், 1% தண்ணி இருந்தா 168 மீட்டர் 163க்கு இறங்கும், 2% இருந்தா 158.

ஸ்டெப் 4: அளவு. ரேடார் தண்ணியோட மேல் மட்டத்ததான் காட்டும், அடி எங்கன்னு பெரும்பாலும் காட்டாது. அதனால துளை போட்டு அடர்த்திய எடுத்து, துளைவெளி (ஃபிர்ன்ல ஐஸ் இல்லாத காலி இடம்) எவ்ளோன்னு கணக்கு போட்டு, தண்ணி நிறைஞ்ச தடிமனோட பெருக்கணும். கிரீன்லாந்து ஃபிர்னுக்கு இப்படி வந்த மதிப்பீடு சுமார் 140 கிகாடன், அதாவது 14,000 கோடி டன்.

இதுக்கெல்லாம் ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னா, பிரான்ஸ்ல, ஆல்ப்ஸ் மலையில மோன்ட் பிளாங்க் சிகரத்துப் பக்கம் டெட் ரூஸ்னு ஒரு சின்ன கிளேசியர், 1892ல அதுக்குள்ள தேங்குன தண்ணி உடைச்சுக்கிட்டு கீழ இருந்த சான் ஜெர்வே ஊர்ல சுமார் 175 பேர கொன்னுடுச்சு. அதே கிளேசியர்ல ரேடார் சந்தேகப்பட்ட இடத்த காட்டுச்சு, காந்த ஒத்ததிர்வு முறைல (தண்ணிலேந்தே வர்ற சிக்னல வெச்சு அளவு சொல்ற முறை) அளந்தா சுமார் 55,000 கன மீட்டர் தண்ணி. 2010ல துளை போட்டு, பம்ப் வெச்சு, ஊருக்கு எதுவும் ஆகுறதுக்கு முன்னாடியே வெளிய எடுத்துட்டாங்க.