தெர்மோஸ்டாட் போய்விட்டதா? ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

என் பழைய காரில் பத்தே நிமிடத்தில் வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறையவில்லை, கசிவும் இல்லை. சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல்தான்: இன்ஜின் சூடாகும்வரை மூடியிருந்து, பிறகு திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு அது.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள் (ஃபேன், பெல்ட் பக்கம் விரல் போகக் கூடாது). சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடேறினால் வால்வு திறக்கிறது. முள் ஏறியும் ஹோஸ் சூடாகவில்லையா? மூடியபடி சிக்கியிருக்கலாம், உடனே அணையுங்கள். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால், திறந்தபடி நின்றுவிட்டது. வண்டி ஓடும், எரிபொருள்தான் கூடுதலாகக் குடிக்கும். அதனால் பலர் கவனிப்பதே இல்லை.

சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால், ஆறியபின் கழற்றி, நூலில் கட்டி, வெப்பமானியோடு தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். கூலன்ட் விஷம், சமையல் பாத்திரம் வேண்டாம். அதன்மேல் 82, 88 என்பதுபோல ஓர் எண் பொறித்திருக்கும்; ஏறக்குறைய அந்த டிகிரியில் வால்வு திறக்கத் தொடங்கவேண்டும். என்னுடையது, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையவே இல்லை.