வன்னியில் கைது, வழக்குப் பதிவுகளைப் பெறும் வழி

ஒருவர் எப்போது, எதற்காகக் கைதானார் என்பதை எவரும் சென்று புரட்டிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு இலங்கையில் இல்லை. பதிவுகள் பொலிஸ் நிலையத்திலும் நீதிமன்றத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒட்டுசுட்டானிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு வருபவர் வெறுங்கையுடன் திரும்பாதிருக்க, எதை எங்கே கேட்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

உறவினர் கைதாகி ஒரு நாள்கூட ஆகவில்லையெனில், கைது செய்த பொலிஸ் நிலையத்துக்கே முதலில் செல்லுங்கள். பிடியாணையின்றிக் கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் பொது விதி. ஆகவே கைதுக்கான காரணம், முற்படுத்தும் நீதிமன்றம், நேரம் ஆகிய மூன்றையும் கேட்டு, பதில் சொன்ன அலுவலரின் பதவியையும் இலக்கத்தையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதாயின், அதை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கும் கடமை கைது செய்தவருக்கு உண்டு. ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல மறுத்தால் மறுநாள்வரை பொறுக்காமல், ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்கோ 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கோ தெரிவியுங்கள். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் அமர்ந்து கேட்டது, தம் பிள்ளைகள் எங்கே என்ற இதே கேள்வியைத்தான்.

நீதவான் முன் முற்படுத்திய பின்னர் நாட வேண்டியது நீதிமன்றப் பதிவாளர் அலுவலகம். விசாரணை முடியாத நிலையில் பொலிஸார் தாக்கல் செய்யும் ‘பி’ அறிக்கையின் இலக்கம் கையிலிருந்தால் வழக்கேட்டைத் தேடி எடுப்பது எளிது. பெயரை மட்டும் சொன்னால், ஒரே பெயரில் பலர் இருக்கும் ஊர்களில் எழுதுவினைஞரும் திணறுவார். தவணைதோறும் நீதவான் இட்ட கட்டளையும் பிணை நிபந்தனையும் அந்த ஏட்டிலேயே இருக்கும். உறுதிப்படுத்திய பிரதி வேண்டுமானால், சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் எழுத்தில் விடுக்கும் கோரிக்கை) அணைத்துக் கட்டணம் செலுத்துவதே வழமை. நீங்களே முறைப்பாட்டாளர் எனில், பொலிஸ் ‘என்றி’ (முறைப்பாட்டுப் பதிவு) போட்ட அன்றே அதன் பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நாள் கடந்தால் அலைச்சல்தான்.

வெளிநாட்டு வேலைக்கோ விசாவுக்கோ கேட்கப்படும் பொலிஸ் சான்றிதழ் வேறொன்று. அதற்குப் பொலிஸ் இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொலிஸையும் கட்டுப்படுத்துகிறது என்றாலும், கேள்வியை அமைக்கும் விதத்தில்தான் பலரும் தவறிவிடுகின்றனர். அயலவர் ஒருவர்மீது என்ன வழக்கு உண்டு என்று கேட்டால், தனிநபர் அந்தரங்கத்தைக் காரணங்காட்டி மறுக்கலாம், அது நியாயமும்கூட. இந்த நிலையத்தில் கடந்த ஆண்டு சட்டவிரோத மணல் அகழ்வுக்காக எத்தனை பேர் கைதாயினர், எத்தனை வழக்குகள் தாக்கலாயின என்று கேட்டால் அவ்வாறு மறுப்பது கடினம். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், காரணம் கூறத் தேவையில்லை, எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். கையளித்ததும் ஏற்புச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால், மேன்முறையீட்டுக்கெனக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யவும், அதன் பின்னர் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடவும் அந்தச் சீட்டிலுள்ள திகதியிலிருந்தே கணக்குத் தொடங்கும்.