மாரடைப்பு, பக்கவாதக் கணக்கை நாம் தப்பாகப் படிக்கும் இடங்கள்

எங்கள் பெரியப்பா இறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில், மரணக் காரணம் என்ற இடத்தில் ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று எழுதியிருந்தது. இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்று அர்த்தம். யார் இறந்தாலும் அவை இரண்டும் நிற்கத்தானே செய்யும்? அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அந்த இரண்டுமே தாளில் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் நாங்கள் எல்லோரும் “ஹார்ட் அட்டாக்” என்றே சொன்னோம்.

முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாரடைப்பு என்பது இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது. இதயம் துடிப்பதை நிறுத்துவது வேறு. மாரடைப்பினால் அப்படி நிற்கலாம், வேறு பத்துக் காரணங்களாலும் நிற்கலாம். இதயம் நின்றதை மட்டும் மரணக் காரணமாக எழுதக் கூடாது என்று சான்றளிக்கும் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறார்கள். இரவுப் பணியில் நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் இளம் மருத்துவருக்குப் பழைய ஃபைலைப் புரட்ட நேரம் கிடைப்பதில்லை.

அந்த ஒரு வரி நாட்டுக் கணக்கு வரை போகிறது. 2020-ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். அவற்றில் இதய, ரத்தக்குழாய் நோய்கள் (பக்கவாதமும் இதில் சேரும்) 32.1 சதவீதம். ‘இந்தியாவில் மூன்றில் ஒருவர் இதய நோயால் சாகிறார்’ என்று இதை அப்படியே எடுத்துப் போடுபவர்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் நடந்த மரணங்களைப் பற்றிய கணக்கு அது. கிராமத்து வீட்டில், ஓலைக் கொட்டகையில் போன உயிர்கள் அதில் அநேகமாக இல்லை. அவற்றுக்காகத் தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் பயிற்சி பெற்ற களப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து, கடைசி நாட்களில் நெஞ்சு வலித்ததா, ஒரு பக்கம் கை கால் விழுந்ததா, எத்தனை நாள் படுக்கையில் இருந்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுகிறார்கள். யாராவது அப்படி வந்து கேட்டால் “அட்டாக்” என்று ஒரே சொல்லில் முடிக்காமல் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

மரணக் கணக்கையும் நோயாளிகளின் கணக்கையும் குழப்புவது அடுத்த தவறு. 2018-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த மதிப்பீட்டின்படி, 2016-ல் இந்தியாவில் இதய, ரத்தக்குழாய் நோயோடு வாழ்ந்தவர்கள் சுமார் 5.45 கோடி. அதாவது ஏறத்தாழ 24 பேருக்கு ஒருவர். அதே ஆண்டில் நடந்த மொத்த மரணங்களிலோ இந்நோய்களின் பங்கு 28.1 சதவீதம். ஒன்று சின்னதாகவும் மற்றது பெரிதாகவும் இருப்பதால் ஏதோ ஒன்று பொய் என்று நினைத்துவிடக் கூடாது. முதலாவது நோயோடு வாழ்பவர்களை எண்ணுகிறது, இரண்டாவது போனவர்களை.

1990-ல் 15.2 சதவீதமாக இருந்த அந்தப் பங்கு 2016-க்குள் 28.1 ஆனது. ‘இதய நோய் இரண்டு மடங்காகிவிட்டது’ என்று இதைப் படிப்பதும் முழுச் சரியில்லை. இடைப்பட்ட காலத்தில் வயிற்றுப்போக்கு, தொற்றுநோய், பிரசவ மரணங்கள் நிறையக் குறைந்தன. பிழைத்தவர்கள் வயதானார்கள். நோயாளிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் கூடியது உண்மை, ஆனால் மக்கள்தொகையும் ஒன்றரை மடங்கானது. நிம்மதியடைவதற்காக இதைச் சொல்லவில்லை. 2016-ல் இந்நோய்களால் இறந்தவர்களில் பாதிக்கு மேல் 70 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். சம்பாதித்துக் குடும்பம் நடத்தும் வயதில் போகிறவர்கள். எனக்கு மற்ற எல்லா எண்களையும்விட இதுதான் உறைக்கிறது.

அந்த மதிப்பீட்டில் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நோயாளிகள் அதிகமுள்ள மாநிலங்கள் கேரளம், பஞ்சாப், தமிழ்நாடு. உடனே ‘நாம்தான் சீக்காளிகள்’ என்றோ, பரோட்டாதான் காரணம் என்றோ பேச ஆரம்பிக்கிறோம். நோய் வந்தவர் சிகிச்சை பெற்று நீண்ட நாள் வாழ்ந்தால் நோயாளிகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். முதியவர்கள் அதிகமுள்ள மாநிலத்திலும் கூடும். சாப்பாடும் சர்க்கரையும் காரணமில்லை என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு எண்ணை வைத்து அதை முடிவு செய்ய முடியாது, அவ்வளவுதான்.

ஜிம்மில் சரிந்து விழும் இளைஞனின் வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால் அன்று முழுக்க அதே பேச்சு. கூடவே தடுப்பூசிதான் காரணம் என்ற வரியும் வரும். 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 47 மருத்துவமனைகள் வழியாக ஆய்வு செய்தது. கோவிட் தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. கோவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருந்தது, முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, கடுமையாக உடலை வருத்தியது ஆகியவையே ஆபத்தோடு தொடர்புடையவையாக வந்தன. அந்த வீடியோவைப் பார்த்துப் பயப்படும் நாம், வீட்டில் பிரஷர் மாத்திரையை “இப்ப நல்லாத்தான இருக்கேன்” என்று நிறுத்திய அப்பாவைக் கவனிப்பதில்லை. 2023-ல் வெளியான தேசிய ஆய்வில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்தது. தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நினைப்பது தவறு. பெரும்பாலானவர்களுக்கு அது எதையும் காட்டாது. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மிஷினோடு வாசலுக்கு வரும் பெண்ணை ‘அப்புறம் வாம்மா’ என்று அனுப்பாதீர்கள்.

இத்தனை பேச்சிலும் விட்டுப்போவது, மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டோ கசிந்தோ வரும் பக்கவாதம். 2016-ல் மட்டும் நாட்டில் சுமார் 65 லட்சம் பேர் அதோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் சித்தி இப்போது அவர்களைப் போல ஒருவர்.

ஒரு நாள் காலை காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தார், விரல் மடங்கவில்லை. “என்ன சித்தி?” என்றேன். பேச்சு குழறியது. பக்கத்து வீட்டு அக்கா, “படுத்த வாக்குல கை மரத்திருக்கும், எண்ணெயைச் சூடு பண்ணித் தடவு” என்றார். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. சித்தி இட்லி சாப்பிட்டார், நாங்களும் விட்டுவிட்டோம். சரியாகிப் போனதே எச்சரிக்கை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்படி வந்து போன பிறகு முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் அதிகம். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பப் போனபோது வாய் கோணியிருந்தது, வலது கை விழுந்திருந்தது.

நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் ஆஸ்பிரினைக் கொடுக்கலாம் என்று ஒரு உறவினர் போனில் சொன்னார். நல்லவேளை, மாத்திரை வீட்டில் இல்லை. மூளையில் அடைப்பா, ரத்தக் கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் கொடுத்தாலே மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்வதே சரி.

அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “கடைசியா இவங்க நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?” நாங்கள் ஐந்தரை என்றோம். அவர் தலையை ஆட்டினார். அது நாங்கள் பார்த்த நேரம். சித்தி நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்தது ராத்திரி பத்தரைக்கு, கதவைத் தாழிட்டுப் படுக்கப் போனபோது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு, அது பத்தரையிலிருந்து ஓட ஆரம்பித்திருந்தது. சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் வழியாகக் கட்டியை எடுக்க முடியும், அதனால் தாமதமானாலும் போகத்தான் வேண்டும். சித்திக்கு அடைபட்டது அப்படி எடுக்க முடியாத சிறு குழாய். இப்போது இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிவிட்டார். பேங்கில்தான் இன்னும் ஒத்துப்போகவில்லை என்கிறார்கள்.